ஜீப்பில் காலியாக இருந்த இடம்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு மூச்சம்மா என்று பெயர். எக்ஸ்ரே அறையில் காலையிலிருந்து மாலைவரை அவள் வாயிலிருந்து வருவது ஒரே பல்லவிதான்: "மூச்சை நல்லா இழுங்க... அப்படியே பிடிச்சுக்குங்க... ம், விடலாம்." கேன்டீன்காரர் ஒருநாள் வேடிக்கையாக அப்படிக் கூப்பிடப் போய், பெயர் ஒட்டிக்கொண்டது. பெரிய டாக்டரே "மூச்சம்மாகிட்ட அனுப்பு" என்றுதான் நர்ஸிடம் சொல்வார். அவள் கோபித்துக்கொண்டதில்லை. வீட்டில் அவளுக்கு இருந்த பெயர் அக்கா. அதற்கு இது எவ்வளவோ தேவலை. அக்கா என்று யார் கூப்பிட்டாலும் பின்னாலேயே ஒரு வேலை வரும்.

அப்பா போனபோது அவள் எக்ஸ்ரே படிப்பை முடித்து வேலையில் சேர்ந்த புதிது. தங்கை பள்ளிக்கூடத்தில் இருந்தாள். தம்பிக்கு மூக்கு ஒழுகுவது நிற்காத வயது. அம்மா அன்றைக்கு மூலையில் உட்கார்ந்தவர்தான், கடைசிவரை எழுந்திருக்கவே இல்லை என்று சொல்லலாம். தங்கையைப் படிக்கவைத்துக் கல்யாணம் பண்ணிக்கொடுத்து, தம்பியை பேங்க் வேலைவரை கொண்டுபோய் நிறுத்தி, அவள் நிமிர்ந்து பார்த்தபோது காதோரம் நரைத்திருந்தது. அவள் கல்யாணத்தை யாரும் தடுக்கவில்லை. அந்தப் பேச்சை எடுக்கத்தான் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அவளுக்கென்று ஓர் ஆசை வந்தது அதற்கெல்லாம் பிறகு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆஸ்பத்திரி ஆளரவம் இல்லாமல் கிடந்தபோது, வனத்துறை வண்டி ஒன்று பின்வாசலில் வந்து நின்றது. வண்டி மோதிய ஒரு சிறுத்தை. மயக்க ஊசி போட்டு ஸ்ட்ரெச்சரில் கட்டி, மேலே போர்வை போர்த்தியிருந்தார்கள். கால்நடை டாக்டரின் எக்ஸ்ரே மெஷின் பழுதாம். பெரிய டாக்டர் போனிலேயே சம்மதம் சொல்லிவிட்டார். அவள் ஈய அங்கியை மாட்டிக்கொண்டு, அதன் முன்னங்காலைத் தூக்கி நேராக வைத்தாள். அடிபாதம் வெதுவெதுப்பாக இருந்தது. மூச்சுக்காற்று அவள் மணிக்கட்டில் பட்டது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் நின்று பட்டனில் கை வைத்ததும் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டாள்: "மூச்சை நல்லா இழுங்க..."

வனத்துறை ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அன்று வீட்டுக்குப் போய் வெகுநேரம் கையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தாள். அந்தச் சிறுத்தை பிழைத்தது, மிருகக்காட்சிசாலைக் கூண்டுக்குப் போனது என்று பின்னால் கேள்விப்பட்டாள். போய்ப் பார்க்கப் பிடிக்கவில்லை. கட்டில்லாமல், மயக்கமில்லாமல், தன்பாட்டுக்கு நடந்துபோகிற ஒன்றை ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்று நினைத்தாள். அதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் யாரிடமும் சொல்லவில்லை.

தங்கையின் கணவர் டைல்ஸ் கடை வைத்திருந்தார். அவள் அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவாள். நல்ல வாய். இல்லாத டைல்ஸையே விற்றுவிடுவார். தங்கள் வெள்ளிவிழாக் கல்யாண நாளுக்கு மொத்தக் குடும்பமும் வெளிநாடு போகலாம் என்று ஒரு சாப்பாட்டு மேஜையில் அவர்தான் பேச்செடுத்தார். கடற்கரை நகரத்தில் சில நாள், அங்கிருந்து பெரிய ஊரில் கடைத்தெரு, தம்பி குடும்பமும் வந்து சேர்ந்துகொள்ளும்.

"ஏற்பாடெல்லாம் அக்கா பார்த்துக்கட்டும். அக்கா கை வச்சா எதுவும் சொதப்பாது" என்றார்.

அவள் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "பார்த்துக்கறேன். ஆனா நடுவுல காட்டுக்கும் போகணும். அந்த ரெண்டு ஊருக்கும் மத்தியில ஒரு பெரிய காடு இருக்கு. ஜீப்புல கூட்டிட்டுப் போய் மிருகம் காட்டறாங்க. மூணு ராத்திரி அங்க."

எல்லோரும் தட்டிலிருந்து நிமிர்ந்து அவளைப் பார்த்தார்கள். அவள் இதற்குமுன் எதையும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவர்களுக்கே உறைத்திருக்க வேண்டும்.

"சஃபாரியா! சூப்பர் பெரியம்மா!" என்றான் தங்கை மகன். காலேஜில் படிக்கிறவன்.

"அதுக்கென்ன, போயிட்டாப் போச்சு" என்றார் மாப்பிள்ளை.

அன்றிலிருந்து அவள் ஆளே மாறிப்போனாள். வேலை முடிந்து வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். மழைக்காலத்தில் புல் ஆளுயரம் வளர்ந்துவிடும், மிருகம் பக்கத்திலேயே படுத்திருந்தாலும் தெரியாது. கோடையின் கடைசியில்தான் தண்ணீருக்குக் குட்டைகளைத் தேடி வரும் என்று படித்து, மொத்தப் பயணத்தையும் அந்த மாதத்துக்குத் தள்ளினாள். காட்டுக்குள் இருக்கும் விடுதி யானை விலை. வாசலுக்கு வெளியே இருப்பது பாதி விலை, ஆனால் விடியலில் கதவு திறக்கக் காத்துக்கிடக்க வேண்டும். வெளியில் உள்ளதையே பிடித்தாள். ஆனால் ஜீப்பில் மட்டும் சிக்கனம் பார்க்கவில்லை. ஊர்பேர் தெரியாதவர்களோடு இடித்துக்கொண்டு போகும் பஸ்ஸில் சத்தம்தான் மிஞ்சும், நமக்கென்று தனி ஜீப் வேண்டும் என்றாள். உள்ளே போக ஆளுக்குத் தனிக் கட்டணம், வழிகாட்டிக்குக் கொடுக்கிற அன்பளிப்பு, கொசுக்கடிக்கு முன்கூட்டியே போடும் மாத்திரை என்று விளம்பரத்தில் சொல்லாத செலவுகளையெல்லாம் தோண்டி எடுத்துச் சேர்த்தாள். சிவப்பு, மஞ்சள் சட்டை எடுத்துவராதீர்கள் என்று எல்லோருக்கும் செய்தி அனுப்பினாள். அதற்கு மாப்பிள்ளை சிரிக்கும் பொம்மை ஒன்றைப் பதிலாக அனுப்பினார்.

ஒரு சிக்கல் இருந்தது. தம்பி மகளுக்கு நாலு வயது. ஆறு வயதுக்குக் கீழே இருந்தால் ஜீப்பில் ஏற்ற மாட்டார்கள். அதற்கும் வழி பார்த்தாள். விடுதியிலேயே குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயா கிடைப்பார், முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். சொல்லிவைத்தாள். ஜீப்பில் ஆறு இடம், பெரியவர்கள் ஆறு பேர். அளவெடுத்துத் தைத்த சட்டைபோல அமைந்துவிட்டது என்று அன்றைக்குத் தனக்குத்தானே ஒரு கப் காபி போட்டுக் குடித்தாள்.

பொதுச் செலவுக்கு அவள் ஒரு பங்குக்கு இரண்டு பங்காகப் போட்டாள். "நீ தனிக்கட்டைதானே அக்கா, உனக்கென்ன செலவு" என்று தம்பி சொன்னதில் அவளுக்கும் மறுப்பில்லை.

பிறகு போன் வர ஆரம்பித்தது.

முதலில் தம்பி மனைவி. "அண்ணி, கடைத்தெருவுக்கு ரெண்டு நாள் எந்த மூலைக்குப் பத்தும்? காட்டுல ஒரு ராத்திரியைக் குறைச்சுக்கலாமே. மிருகம்னா எல்லா நாளும் ஒரே மிருகம்தானே?"

மூன்று ராத்திரி இரண்டானது. தங்கை மகனுக்குக் கடற்கரை நகரத்தில் ஒரு பெரிய கேளிக்கைப் பூங்காவுக்குப் போக வேண்டும். ஒரு நாள் முழுக்க வேண்டும். இரண்டு ஒன்றானது. தங்கைக்கு முழங்கால் வலி. விடியலில் எழுந்து ஜீப்பில் குலுங்க முடியாது. காலைச் சவாரியும் போய், ஒரே ஒரு சாயங்காலச் சவாரி மிஞ்சியது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான். ஒவ்வொரு தடவையும் அவள் "சரி" என்றாள். ஒரு சாயங்காலம் போதும், குட்டைக்கரையில் உட்கார்ந்தால் வராமலா போகும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்தே பழகிய கைக்கு, இறுக்கிப் பிடிப்பது எப்படி என்று தெரியவில்லை.

கடற்கரை நாட்கள் கலகலப்பாகவே போயின. காட்டு விடுதிக்கு வந்து சேர்ந்தபோது மத்தியானம். ஓலை வேய்ந்த குடில்கள், முற்றத்தில் பெரிய மரம், கூரைமேல் குரங்குகள். அவள் சாம்பல் நிறச் சட்டை, தொப்பி, பக்கத்து வீட்டு டீச்சரிடம் இரவல் வாங்கிய பைனாகுலர் எல்லாம் மாட்டிக்கொண்டு, சாப்பாட்டைக்கூடப் பாதியில் விட்டுவிட்டு முதல் ஆளாக ஜீப் பக்கத்தில் வந்து நின்றாள். தம்பி மகள் அவள் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

வரவேற்பறைப் பெண்ணிடம் கேட்டாள்: "குழந்தையைப் பார்த்துக்கிறவங்க எங்கம்மா? வந்துட்டாங்களா?"

அந்தப் பெண் விழித்தாள். "அது வேண்டாம்னு சொல்லிட்டீங்களே மேடம். உங்க குரூப்ல ஒரு சார் போன் பண்ணினாரு. போன வாரமே."

அவள் திரும்பினாள். மாப்பிள்ளை கேமராப் பையோடு வந்துகொண்டிருந்தார். பளீரென்று மஞ்சள் சட்டை.

"மாப்பிள்ளை, ஆயாவை வேண்டாம்னு சொன்னீங்களா?"

"ஆமாக்கா. அந்தக் காசுல நாளைக்குப் படகுல டின்னர் போட்டிருக்கேன், கல்யாண நாள் ஸ்பெஷல்! எதுக்கு முன்னபின்ன தெரியாத பொம்பளைகிட்ட பாப்பாவை விடணும்? நம்ம வீட்டுல ஆளா இல்லை?"

"ஆள்னா யாரு?"

அவர் சிரித்தார். பதில் சொல்லத் தேவையில்லாத கேள்வி என்பதுபோல.

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தான். தம்பி மனைவி, "அண்ணிகிட்டன்னா அவ சமத்தா இருப்பா. எங்கிட்டன்னாதான் படுத்துவா" என்று ஜீப்பில் ஏறிக்கொண்டே சொன்னாள். வண்டியோட்டி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். உள்ளே போக நேரக் கட்டுப்பாடு உண்டு.

"நான் வேணா இருக்கேன் பெரியம்மா" என்று தங்கை மகன் ஒரு வார்த்தை சொன்னான். சொல்லும்போதே ஒரு கால் ஜீப்பின் படியில் இருந்தது.

"போடா, நீ போய்ட்டு வா" என்றாள் அவள். வாய் பழக்கமாகச் சொல்லிவிட்டது.

ஜீப் கிளம்பியது. ஆறு இடத்தில் ஐந்து பேர். அவள் இடம் ஜன்னலோரம். வழிகாட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தால்தான் நன்றாகத் தெரியும் என்று அவளே பார்த்துவைத்த இடம். மாப்பிள்ளை அதில் கேமராப் பையை வைத்தார். வண்டி வளைவில் திரும்பும்போது பை சரியாமல் இருக்க அதற்கு பெல்ட்டும் மாட்டிவிட்டார். அதை அவள் பார்த்தாள்.

அந்தச் சாயங்காலம் அவள் பாப்பாவுக்குக் கதை சொன்னாள், பிஸ்கெட் ஊட்டினாள், குரங்கு பறித்துக்கொண்டு போன ஒற்றைச் செருப்புக்காக அது அழுததைச் சமாதானப்படுத்தினாள். குழந்தைமேல் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால்கூடக் கொஞ்சம் இறங்கியிருக்கும். பாப்பா தூங்கிய பிறகு, காடு இருக்கும் திசையைப் பார்த்துக் குடிலின் படியில் உட்கார்ந்தாள். தூரத்தில் ஏதோ ஒன்று கத்தியது. என்னவென்று சொல்ல ஆளில்லை.

இருட்டும் நேரத்தில் ஜீப் திரும்பியது. வாசலிலேயே கூச்சல் கேட்டது. பார்த்துவிட்டார்கள். சிறுத்தையைத்தான்! பாறைமேல் படுத்திருந்ததாம், எழுந்து சோம்பல் முறித்ததாம், வண்டிக்கு முன்னாலேயே பாதையைக் கடந்து நடந்துபோனதாம்.

"உங்க பங்குக்கும் சேர்த்து நாங்க பார்த்துட்டோம்க்கா!" என்று மாப்பிள்ளை போனை நீட்டினார். வீடியோவில் தம்பி மனைவியின் அலறல்தான் பெரிதாகக் கேட்டது. புல்லுக்கு நடுவில் மங்கலாக ஏதோ அசைந்தது, பிறகு வண்டியின் கம்பி, பிறகு மஞ்சள் சட்டையின் தோள்.

அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். "நல்லா இருக்கு" என்றாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு கைகழுவும் இடத்தில் தங்கையைத் தனியாகப் பிடித்தாள்.

"உனக்குத் தெரியுமாடி? ஆயாவை வேண்டாம்னு சொன்னது?"

தங்கை குழாயை மூடாமல் நின்றாள். "அவர் சொன்னாரு. அப்புறமா உன்கிட்ட சொல்லிக்கலாம்னு..."

"எப்ப சொல்லலாம்னு?"

"இதுக்குப் போயி ஏன்க்கா இவ்வளவு? நீ ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்னுதான்..."

அந்த ஒரு வார்த்தைதான் அவளைச் சுட்டது. மாப்பிள்ளை செய்ததைக்கூட அவள் ஜீரணித்திருப்பாள். அவர் வெளியிலிருந்து வந்தவர். தான் மடியில் போட்டு வளர்த்தவள், ஒரு வாரமாகத் தெரிந்துவைத்துக்கொண்டு, அக்கா தொப்பி வாங்கியதையும் பைனாகுலர் இரவல் வாங்கியதையும் பக்கத்திலிருந்தே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

காலையில் எல்லோரும் பெட்டிகளை வேனில் ஏற்றினார்கள். அவள் பெட்டி மட்டும் குடிலிலேயே இருந்தது.

"நான் வரலை. நீங்க போங்க. டிக்கெட், ஹோட்டல் எல்லாம் தம்பி போனுக்கு அனுப்பிட்டேன். நான் ரெண்டு நாள் இங்க இருந்துட்டு நேரா ஊருக்கு வரேன்."

"என்னக்கா விளையாடற?" என்றான் தம்பி. "அங்க பாப்பாவை யார் பார்த்துக்கறது? படகுல டின்னர் இருக்கு..."

"பெத்தவங்க பார்த்துக்குங்க."

தம்பி மனைவியின் முகம் சிவந்தது. "அண்ணி, குழந்தைமேல இருந்த பாசம் இவ்வளவுதானா?"

"கல்யாண நாளும் அதுவுமா அக்கா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா நல்லாவா இருக்கும்?" என்றார் மாப்பிள்ளை. சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவர், அவள் அசையாததைக் கண்டு குரலை மாற்றினார். "ஒரு மிருகத்தைப் பார்க்கலைன்னு மனுஷங்களை நடுவழியில விட்டுட்டுப் போறது என்ன பழக்கம்?"

அவளுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. "வேன் காத்துக்கிட்டிருக்கு, கிளம்புங்க" என்று மட்டும் சொன்னாள். தங்கை திரும்பிப் பார்க்காமல் ஏறினாள். பாப்பா மட்டும் கண்ணாடி வழியாகக் கையாட்டியது.

அதன்பின் அவள் தனியாக இரண்டு விடியற்காலையும் ஒரு சாயங்காலமும் காட்டுக்குள் போனாள். தனி ஜீப்புக்கு வழியில்லை. வேறு ஆட்களோடு பஸ்ஸில்தான் இடம் கிடைத்தது, அதுவும் பின்வரிசையில். யானைக் கூட்டம் ஒன்று மரத்தை முறித்துத் தின்றது. மான்கள் நின்று பார்த்தன. குட்டைக்கரையில் வண்டியை அணைத்துவிட்டு எல்லோரும் காத்திருந்தார்கள். தவளைச் சத்தமும் தூசியும் வெயிலும்தான்.

சிறுத்தை வரவில்லை.

"அது இங்கதான் எங்கேயோ இருக்கும்மா. நாம பார்க்கலைன்னாலும் அது நம்மைப் பார்த்துட்டிருக்கும்" என்று வழிகாட்டி ஆறுதல் சொன்னார். எல்லோரிடமும் சொல்லுகிற வசனம்தான் என்பது அவர் குரலிலேயே தெரிந்தது.

உண்மையில், வந்திருந்தாலும் அவள் கண்ணில் பட்டிருக்குமா என்பதே சந்தேகம். பைனாகுலர் கண்ணில் இருந்தது. மனதுக்குள் ஓடியதெல்லாம் வேன் பக்கத்துச் சண்டை. தம்பிக்குச் சொல்லாமல் விட்ட பதில், தம்பி மனைவிக்குக் கொடுத்திருக்க வேண்டிய சூடு, மாப்பிள்ளையை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வி என்று ஒவ்வொன்றாக வார்த்தை திருத்தி, மறுபடி மறுபடி சொல்லிப்பார்த்துக்கொண்டிருந்தாள். யானை தும்பிக்கையைத் தூக்கியபோது பஸ்ஸில் எல்லோரும் "ஆ" என்றார்கள். அவள் அப்போது தங்கையோடு பேசிக்கொண்டிருந்தாள். ஆயுசிலேயே முதன்முதலாக ஆசைப்பட்ட காட்டுக்கு வந்தும், அந்த வீட்டை விட்டு ஓரடிகூட வெளியே வர முடியவில்லையே என்று கடைசி நாள் பஸ்ஸிலேயே அவளுக்கு அழுகை வந்தது. பக்கத்து இருக்கைப் பெண்மணி, தூசி விழுந்துவிட்டதென்று நினைத்துத் டிஷ்யூ பேப்பர் கொடுத்தார்.

ஊருக்குத் திரும்புவதற்குள் கதை அவளுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. வெளிநாட்டில், கைக்குழந்தையோடு, குடும்பத்தை அம்போ என்று விட்டுவிட்டுப் போனவள். நாலு வயதுப் பிள்ளை கைக்குழந்தை ஆகிவிட்டது. தூரத்து உறவில் ஒரு சித்தி போன் பண்ணி, "உனக்கு அந்த வயசுக் கோளாறு இருக்கும்மா, ஒரு நல்ல டாக்டரைப் பாரு" என்றார். அவள் ஒருவருக்கும் விளக்கம் சொல்லவில்லை. யாராவது ஒருவர், "என்ன நடந்தது?" என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

சில மாதங்கள் கழித்து, தங்கை மகனுக்கு வேலை கிடைத்ததற்கு ஒரு விருந்து வைத்தார்கள். அவனே வந்து, "வாங்க பெரியம்மா" என்று கூப்பிட்டதால் போனாள். கூடத்தில் மாப்பிள்ளை நடுநாயகமாக உட்கார்ந்து சிறுத்தைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அது வண்டியின் பானெட்வரை வந்து முகர்ந்துவிட்டுப் போயிருந்தது. அவளைக் கண்டதும், "இதோ, அக்காவையே கேளுங்க! ரெண்டு நாள் தனியா தவம் கிடந்தாங்க. ஒரு பூனைகூட வரலை!" என்றார். கூடம் சிரித்தது. தம்பியும் சிரித்தான்.

அவள் சாப்பிட்டு முடித்துக் கைகழுவிக்கொண்டு கிளம்பினாள். வாசல்வரை தங்கை பின்னாலேயே வந்தாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த நேரத்திலும் மனது கொஞ்சம் இளகியது. ஒரு வார்த்தை போதும், எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்று நினைத்தாள்.

"அக்கா, அவர் பிரெண்டு குடும்பம் ஒண்ணு அந்தக் காட்டுக்குப் போறாங்களாம். எந்த மாசம் நல்லது, எந்த ஜீப்பு, எப்படி எப்படின்னு எல்லாம் கொஞ்சம் எழுதிக் கொடேன். உனக்குத்தான் அத்துப்படியாச்சே."

அவள் செருப்பை மாட்டினாள்.

"மறந்துபோச்சுடி. ஏஜென்டைப் பிடிச்சுக்கச் சொல்லு."

"மறந்துபோச்சா? உனக்கா?" தங்கை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ ரொம்ப மாறிட்டேக்கா."

அவள் கேட்டைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கினாள். பஸ் நிறுத்தத்தில் ஏகப்பட்ட கூட்டம். வந்த முதல் பஸ்ஸில் ஏற முடியவில்லை. இரண்டாவதில் இடித்துப்பிடித்து ஏறி, வீடு வரும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போனாள்.